நாலு கட்டையில் ஒரு வரத்துப்பாட்டு

என் தங்கை இசக்கிச்செல்வி வில்லுப்பாட்டுக்காரி. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் கோயில்களில் கொடைவிழா என்றால் அவள் செட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

பாடம் படித்த காலத்திலிருந்தே அவளுக்குச் சில முறைகள் உண்டு. விடியுமுன் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று குரல் எடுப்பாள். கொடை நாளில், பாட்டுத் தொடங்கும்வரை வாய் திறக்கமாட்டாள். வில்லின் நாணில் அடிக்கிற சலங்கைக் கோலைத் தானே மஞ்சள் தண்ணீரில் கழுவித் திருநீறு பூசுவாள். அதில் வேறு கை படக்கூடாது. அவள் தலையில் பிச்சிப்பூ மட்டும் நான் வைத்துவிடுவேன். பாடும்போது சாமியாடியின் முகத்தைப் பார்ப்பதும் கிடையாது. “சாமி வருதா வருதான்னு எட்டிப் பாத்தா, பாட்டு அங்கனயே போயிரும்க்கா” என்பாள்.

போன ஐப்பசியில் அவளுக்குக் கழுத்தில் கட்டி எடுத்தார்கள். குரல் திரும்பியது, ஆனால் மேலே ஏறவில்லை. ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவளுக்கு நாலு கட்டைதான் நின்றது. விஷயம் எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. சாமியை அழைக்கிற வரத்துப்பாட்டில் சாமியாடி முத்துமாலை அண்ணாச்சிக்கு அருள் வராவிட்டால், அடுத்த வருஷம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது வேறு செட்டைத்தான் என்று கோயில்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு கோயில் கைவிட்டுப் போனால் மற்றதும் போகும். அது அவளுக்கும் தெரியும்.

சித்திரையில் கொடை வந்தது, மத்தியானம் உச்சிக்கொடைப் பாட்டு. பந்தலில் ஆர்மோனியக்காரன் மாரிராஜ் அவள் காதருகே குனிந்தான்.

“எக்கா, நாலுலயே வச்சிக்கிடுவோம். சனத்துக்கு என்ன தெரியப்போவுது?”

அவள் ஐந்து விரலைக் காட்டினாள்.

“தொண்டை கிழிஞ்சிரும்க்கா!”

மறுபடியும் ஐந்து விரல். பேசாதவளிடம் எப்படி வாதாடுவது? பந்தலோரம் நின்ற என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

காப்புப் பாட்டும் சாமியின் பிறப்புக் கதையும் எப்படியோ ஒப்பேறின. வரத்துப்பாட்டில், சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற உச்சத்தில் குரல் உடைந்தது. திரும்ப எடுத்தாள், திரும்பவும் உடைந்தது. முத்துமாலை அண்ணாச்சி கண்ணை மூடியபடி அசையாமல் நின்றார்.

பின்னாலிருந்து ஒருவர், “ஏலே மாரிராஜு, பொட்டியில காத்து இல்லையோ?” என்றார். சிரிப்பு எழுந்தது.

“பொட்டி நல்லாத்தான் இருக்கு. ஒம்ம வாயிலதான் காத்து சாஸ்தி, வே!” என்றான் மாரிராஜ்.

இசக்கிச்செல்வி கோலை மடியில் வைத்தாள். மேளம் நின்றது. வரத்துப்பாட்டை நடுவில் நிறுத்துவது எங்கள் பக்கம் பெரிய குற்றம். அவள் மைக்கில், கதைக்கு நடுவே வசனம் சொல்வது போலவே, நிதானமாகச் சொன்னாள்:

“பழைய தொண்டை ஆசுபத்திரியோட போச்சு, சாமி.”

வசனத்துக்கு ஆமா போடுகிறவள் குடம் அடிக்கிற பேச்சித்தாய். பழக்கத்தில் இதற்கும் “ஆமா” என்றாள்.

“இருக்கதக் கொண்டு வந்திருக்கேன், சாமி.”

“ஆமா!”

“வேண்டாம்னா சொல்லிரு. எந்திரிச்சுப் போறேன்.”

இதற்கு யாரும் ஆமா போடவில்லை.

அவள் மாரிராஜ் பக்கம் திரும்பி, “நாலு” என்றாள். அவன் சுருதியை இறக்கினான். தொடக்கத்திலிருந்து பாடினாள். குரல் கனத்து, மண்ணோடு மண்ணாக வந்தது. முன்பு அவள் பாட்டு பந்தலுக்கு மேலே போகும். இன்று உட்கார்ந்திருப்பவர்களின் நெஞ்சு மட்டத்தில் நின்றது. சிரித்தவர்கள் அடங்கினார்கள். வழக்கமாக அருள் வருகிற வரி கடந்துபோனது. அவள் பாட்டை முடுக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அதே வரியைப் பைய இன்னொரு தரம் பாடினாள்.

முத்துமாலை அண்ணாச்சியின் தோள் குலுங்கியது. பெண்கள் குலவை இட்டார்கள். சாமி இறங்கிவிட்டது. அவள் பாட்டை முடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது மாரிராஜ் கேட்டான்: “ராத்திரிப் பாட்டுக்கு எத்தனைக்கா?”

“இனி எப்பவும் நாலுதாம்லே” என்றாள்.

பிறகு எழுந்துபோய், பூசை இலையில் இருந்த குங்குமத்தைத் தொட்டு, ஆர்மோனியத்தில் நாலாம் கட்டையின்மேல் சிறிதாக ஒரு பொட்டு வைத்தாள்.