ஓடாத மீட்டர்

நேற்று மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்த கடையில் சால்டரிங் புகை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நினைவில் அந்தப் பழைய நாகூர் எஸ்டிடி பூத்துக்குள் போய் நின்றுவிட்டேன்.

விசா கிடைத்தவர்களும் விசா தேடுகிறவர்களுமாக ஊர் இருந்த காலம். நான் இரண்டாவது வகை. பூத்தில் உட்காருவது பிழைப்பு. தபாலில் பாடம் படித்து, மேசை ஓரத்தில் ரேடியோ கட்டுவது லட்சியம். கட்டி முடித்தால் மெக்கானிக் சர்டிபிகேட், அப்புறம் நேரே விமானம் என்று கணக்கு. கவனம் சிதறாமலிருக்க ஓர் ஏற்பாடு வைத்திருந்தேன். பேச்சு முடிந்தால் பில் மெஷின் கரகரவென்று அடிக்கும். அதுவரை தலை நிமிர மாட்டேன். கண்ணாடிக் கூண்டுக்குள் யார் அழுதாலும் எனக்கு ரெசிஸ்டரின் நிறக்கோடுகள்தான். பெரிய தவசி என்று நினைப்பு.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்த நேரத்துக்கு மெஹருன்னிசா அக்கா வருவார். கணவர் சவூதியில். ஒருநாள் அவர் பேசிவிட்டு வெளியே வந்தும் மெஷின் அடிக்கவில்லை.

"பில்லு வரலயேக்கா?"

"அவங்கதான் கூப்பிட்டாங்க தம்பி."

மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை. வேலை மும்முரத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளி, சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். மணியும் அடிக்கவில்லை, மீட்டரின் சிவப்புப் பூஜ்யமும் அசையவில்லை. உள்ளே அக்கா பேசுகிறார், நிறுத்திக் கேட்கிறார், வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். அவர் கணவரிடமிருந்து வெகுநாளாகத் தகவலே இல்லை என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. அவர் வெளியே வந்ததும் ஒரு ரெசிஸ்டரை எடுத்து நிறக்கோடுகளை எண்ணத் தொடங்கினேன்.

ரேடியோ முடிகிற தறுவாயில், அக்கா கூண்டுக் கதவைத் திறந்து ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"ஒங்க ரேடியோவப் பத்தி சொல்லியிருந்தேன் தம்பி. அவங்க கம்பெனில ஆள் எடுக்குறாங்களாம். பேசுங்க."

காதில் வைத்தேன். டயல்டோன்கூட இல்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வரணுங்க?" என்று கேட்டேன்.

அவர் மனம் நோகக் கூடாதென்றுதான் கேட்டேன். ஆனால் கேட்டபிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்காதான் மெல்ல ரிசீவரை வாங்கி வைத்தார்.

ரேடியோ பாடியது. விசா வரவில்லை. பூத் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அக்கா எங்கே போனார் என்று சொல்ல அங்கே ஆளில்லை. தெருவில் எல்லோரும் காதில் எதையோ செருகிக்கொண்டு பேசிப் போகிறார்கள், நிறுத்திக் கேட்கிறார்கள், சிரிக்கிறார்கள். யாருக்கு மீட்டர் ஓடுகிறது, யாருக்கு ஓடவில்லை என்று இனி யார் பார்க்கப்போகிறார்கள்.