முழுச் சத்தத்தில் ஒரு மெஸ்வெத்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் பேருந்து நிலையத்தில் சீட்டு கொடுக்கும் ரவ்தாவிடம், இணையத்து ராக் ரசிகர் குழுவில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். எந்தப் பாட்டையும் ஒரே வரியில் கிழித்துப் போடுவாள். தோல்பை ஊதிப் பாடும் கல்யாண வீட்டு மெஸ்வெத் பாட்டைக் குழுவிலிருக்கும் ஹைதம் புகழ்ந்தபோது, "உன் காதுல என்னடா, பஞ்சா?" என்று விரட்டியவளும் அவள்தான்.

குழுவில் ஒரு விளையாட்டு உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தங்கள் பிளேயரில் அந்த நொடி ஓடும் பாட்டைப் படம் பிடித்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை ஹைதம் அவளைக் கூப்பிட்டான். ஓடிக்கொண்டிருந்தது மெஸ்வெத்.

ராக் பட்டியலுக்கு மாற்றும் பொத்தானை அழுத்தினால் போதும், யாருக்கும் தெரியாது. கட்டைவிரல் அங்கே போனது. ஆனால் பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது; நடுவில் அறுக்க மனம் வரவில்லை. அப்படியே படம் பிடித்துப் போட்டாள்.

"அடேயப்பா, ராக் மகாராணி!" என்று எழுதினான் ஹைதம். "படத்துல சத்தக் கோட்டைப் பாத்தீங்களா? முழுசா வச்சிருக்கா. ராக்குக்கு இவ பாதிக்கு மேல வச்சதே இல்லையே!"

ரவ்தா சிரித்துக்கொண்டே தட்டினாள்: "சும்மா இருடா. அடுத்த மெஸ்வெத் இன்னும் நல்லாருக்கும்."