தலையில் வைத்த கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சிக்னலில் யாராவது கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தினால், இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தரம் பார்க்கிற உத்தியோகம். வருஷக்கணக்காக அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்டவள் விளையாடப் போனால் எப்படி விளையாடுவாள்?

அடையாறில் ஒரு ஃப்ளாட்டில் புதன்கிழமை மதியம் நாலு பேர் கூடிக் கதை விளையாட்டு ஆடுவோம். அந்த வீட்டுக்காரி, அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிற பெண், கதையை நடத்துவாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அது என்ன பேசும், என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். சண்டை என்று வந்தால் பகடையை உருட்டுவோம். திருவான்மியூரிலிருந்து வருகிற பல் டாக்டர், கதையில் மந்திரவாதி. என் கல்லூரித் தோழி, கதையில் திருடி. நான் சத்தியப் பிரமாணம் செய்த வீராங்கனை. பொய் சொல்லமாட்டாள், சொன்னவர்களையும் விடமாட்டாள்.

அந்த மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. பேசுவதெல்லாம் பாத்திரம் பேசுவதாகத்தான் அர்த்தம். நாமே நாமாகப் பேச வேண்டுமானால் உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். டீ வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட கை தலைக்குப் போய்விடும்.

என் வீராங்கனையால் அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மந்திரவாதி வழியில் ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஆட்டைச் சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வைக்க, ஒரு மதியம் முழுக்க வீணாக்கினேன். டாக்டர் கையைத் தலையில் வைத்துக்கொண்டு, "மேடம், நீங்க ஆட வந்தீங்களா, எங்களைத் திருத்த வந்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை வேறு.

தோழி வாழ்க்கைப்பட்டது தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தில். வாரத்தில் ஏழு நாளும் கடைதான். முதுகுவலி, அடையாறில் பிசியோதெரபி, டாக்டரைப் பார்த்துக் கொடுத்ததே நான்தான் என்று என் பேரையும் இழுத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் புதன்கிழமை வருவாள். முதுகில் ஒரு கோளாறும் கிடையாது. "அந்த மூணு மணி நேரம்தான்டி நான் யாருக்கும் புடவை பிரிச்சுக் காட்டாம உக்காந்திருக்கேன்," என்று ஒருநாள் ஆட்டோவில் சொன்னாள். அந்தத் திருடியை ரெண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தாள். தாளின் ஓரத்தில் அவளுக்கு ஒரு படம்கூட வரைந்து வைத்திருந்தாள்.

அவள் மாமியார் எனக்குப் போன் செய்து, "முதுகு எப்படிம்மா இருக்கு அவளுக்கு?" என்று கேட்பார். நான் மென்று விழுங்குவேன். என்னைச் சாட்சிக்கு வைத்துப் பொய் சொல்கிறாளே என்று உறுத்தும். அதை அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சிக்னலில் முன்பின் தெரியாதவனைக் கேட்கத் தெரிகிறது, சொந்தத் தோழியைக் கேட்க வாய் வரவில்லை.

அன்றைக்குக் கதையில் ஒரு கிராமமே காய்ச்சலில் கிடந்தது. கோட்டைக்குள் பூட்டி வைத்திருந்த மருந்தைத் தோழியின் திருடி எடுத்துவிட்டாள். பகடை அவளுக்கு அப்படி விழுந்தது. கோட்டை வாசலில் காவலன் மூட்டையில் என்ன என்று கேட்டான். "மாவு," என்றார் மந்திரவாதி. "மாவுதான்," என்றாள் திருடி. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் போதும்.

"மாவு இல்லை, மருந்து. இவள்தான் திருடினாள்," என்றேன்.

கதை நடத்துகிறவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த ஊரில் கோட்டைப் பொருளைத் திருடினால் மரண தண்டனை என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். பாவம், தப்பிக்க ஒரு வழியும் உண்டாக்கிக் கொடுத்தாள். சத்தியம் செய்தவர் யாராவது ஜாமீன் நின்றால் காவலன் விட்டுவிடுவானாம். எல்லாம் என் ஒரு வார்த்தையில் இருந்தது.

தோழி மெதுவாகக் கையைத் தூக்கித் தலைமேல் வைத்தாள்.

"விட்டுடுடி. எனக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு."

அவள் கண் கலங்கியிருந்தது. என் கை மேஜைமேல் இருந்தது. அதை நான் தலைக்குக் கொண்டுபோகவில்லை. "நான் சத்தியம் செய்தவள். திருடிக்கு ஜாமீன் நிற்கமாட்டேன்," என்று வீராங்கனை குரலில் சொன்னேன். வாரம் வாரம் போனில் மென்று விழுங்கியதையெல்லாம் சேர்த்து வைத்துச் சொன்னேன். அது எனக்கு அப்போதே தெரியும்.

கதையில் திருடிக்குத் தண்டனை நிறைவேறியது. தோழி தன் தாளை, கடையில் புடவை மடிக்கிற மாதிரியே நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வேறு பாத்திரம் எழுதலாமே என்று நடத்துகிறவள் கெஞ்சினாள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு செய்தி வந்தது: "வீட்டுல முதுகு சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

மறுநாளே கடைக்குப் போனேன். கல்லாவில் அவள் மாமியார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல டாக்டரா காட்டிக் குடுத்தம்மா. வலி சுத்தமா போயிட்டுல்லா? இனி புதன்கிழமையும் பட்டுப் பிரிவை அவளே பாத்துக்கிடுவா."

"ஆமாம்மா, நல்லா குணமாயிட்டா," என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்! இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் எனக்கு?

மாடியில் ஒரு கல்யாணக் கும்பலுக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் கையைத் தூக்கித் தலையில் வைத்தேன்.

"தப்பு பண்ணிட்டேன்டி. திரும்பி வந்துடு."

"கையை எடு, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள். "இனிமே எப்படி வர்றது? குணமான முதுகு திரும்ப வலிக்குதுன்னா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் படம் எடுப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னிக்கு நான் தலையில கை வெச்சதை நீ பாக்கலை இல்ல? திருடிதான் கெஞ்சுறான்னு நினைச்சுட்டே, இல்ல?" என்றாள்.

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கீழே மாமியாரிடம் சொன்ன பொய்யின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. அவள் முகம் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தது.

"பாத்தேன்," என்றேன்.

கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தாள்.

"நீ கவனிக்கலைன்னு நினைச்சுதான் இத்தனை நாளா உன்மேல கோபப்படாம இருந்தேன்," என்றாள். பிறகு அந்தக் கல்யாணக்காரர்கள் பக்கம் திரும்பி, அடுத்த புடவையைப் பிரித்தாள்.