அப்பா எதில் செத்தார்?

போன புதன்கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு கிட்னி டொக்டரைச் சனல் பண்ணி, நேரம் எடுத்துப் போனேன். இரண்டு மாதமாக பிரஷர் இறங்கவில்லை. வழமையாகப் பார்க்கிற டொக்டர் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து இவரிடம் அனுப்பிவிட்டார்.

இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டிகள். பெரும்பாலும் பரம்பரையில் வருவதாம். அம்மாவுக்கு இருக்கிறதா என்று கேட்டார். எழுபத்தாறு வயது, எல்லா டெஸ்டும் சரி என்றேன். அப்படியானால் அப்பா எதில் செத்தார்?

தெரியாது என்றேன்.

மனிதர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு வருடமாக இந்தப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் ஊரார் கதையெல்லாம் அளந்துகொண்டிருப்பவன் நான். சொந்த அப்பா எதில் செத்தார் என்று தெரியவில்லை... வெட்கமாக இருந்தது.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்தார்கள். அப்பா கொட்டாஞ்சேனையிலேயே இருந்துவிட்டார், அம்மா என்னை வெள்ளவத்தைக்குக் கூட்டிவந்தார். பஸ்ஸில் போனால் முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலத்தை நான் ஒரு நாளும் போகவில்லை. அப்பாவின் பெயரை எடுத்தால் அம்மா அன்றைக்குச் சாப்பிடமாட்டார். அவர் செத்ததைக்கூட பேப்பரில் மரண அறிவித்தல் பார்த்துத்தான் அறிந்தேன். இன்னாரின் அன்புத் தந்தை என்று ஒரே ஒரு பெயர் போட்டிருந்தார்கள். அது என்னுடைய பெயர் அல்ல.

அந்தப் பெயருக்கு உரியவனைத் தேடித்தான் மறுநாள் போனேன். அறிவித்தலில் இருந்த விலாசம் எனக்கு மறக்கவேயில்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை. அப்பாவின் இரண்டாம் தாரத்து மகன் கதவைத் திறந்தான், துறைமுகத்தில் கிளார்க்காம். நான் வாயைத் திறக்க முதலே "வாங்க அண்ணா" என்றான். என் முகம் அப்படியே அப்பாவாம்.

விஷயத்தைக் கேட்டேன். அதே கிட்னிதான், கடைசி நான்கு வருடம் டயாலிசிஸ். இவனுக்கும் இருக்கிறது. ஆனால் இருபது வயதிலேயே அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்துவிட்டார். உப்பைக் குறைத்து, குளிசை போட்டு, இன்றுவரை சமாளிக்கிறான். என்னுடையது பாதிக்கு மேல் போய்விட்டது. இரண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே கிட்னி வருத்தம் — அவனுக்கு அப்பா பக்கத்தில் இருந்தார்.

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "டடி உங்களுக்குச் சொல்லத்தான் வெள்ளவத்தைக்கு வந்தவர் அண்ணா. ரெண்டு தரம். உங்கட அம்மா கதவைத் திறக்கயில்லயாம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த டீவியை நிற்பாட்டிவிட்டுச் சொன்னார்.

"ஓம், வந்தவர். உனக்கு அப்ப பதினேழு வயசு. பிள்ளையை டொக்டரிட்டக் காட்டோணும் எண்டு வெளியில நிண்டு சொன்னவர். உன்னைப் பாக்கிறதுக்குச் சாட்டுச் சொல்லுறார் எண்டு நினைச்சிட்டன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. பெற்றோர் பிரிந்தால் பிள்ளையின் மனம் உடையும், படிப்புக் குழம்பும் என்கிறார்கள். சரி, உடம்பைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா? வீடு யாருக்கு, நகை யாருக்கு, பிள்ளை யாருக்கு என்று கோர்ட்டில் எல்லாம் தீர்த்தாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்குள் இரண்டு பேரின் இரத்தமும் ஓடுகிறது என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மற்றவரின் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றால் அவருடைய நோயின் பெயரையும் எடுக்க முடியாதுதானே?

அம்மாவைக் கிழித்துத் தொங்கவிடுவதற்குத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ஆனால்...

எங்கள் வீட்டுச் சமையல் சண்டைகளைப் பற்றி எழுதினால் சிரித்துச் சிரித்துக் கடிதம் போடுகிறீர்களே — நாற்பத்தாறு வயதுக்காரன் ஏன் அம்மாவோடு தனியே இருக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் விவாகரத்தாகி ஆறு வருடம். மகளுக்குப் பதினான்கு வயது, தாயுடன் தெஹிவளையில் இருக்கிறாள். மகளையும் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும், முதலில் பிரஷர், பிறகு ஒரு ஸ்கேன் என்று டொக்டர் சொல்லியனுப்பினார்.

மகளின் தாய்க்கு போன் எடுத்தேன். எடுக்கவில்லை. ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "போன வருஷம் நெஞ்சு வலி. இந்த வருஷம் கிட்னியா?" அதோடு என்னை ப்ளொக் பண்ணிவிட்டாள்.

அவளில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. போன வருடம் மகளைப் பார்க்க விடவில்லை என்ற ஆத்திரத்தில், நெஞ்சு வலியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். பிள்ளை அழுதுகொண்டு ஓடிவந்தது. எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பச்சைப் பொய். என் அப்பா பொய் சொல்லாமலே கதவு சாத்தப்பட்டவர், நான் அப்படியல்ல.

இந்தப் பத்தியைப் பிள்ளையின் தாய் வாசிக்கிறாள் என்று தெரியும், திட்டுவதற்காகவாவது. மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இனி வருவது அவளுக்கு மட்டும்.

இந்தத் தடவை பொய்யில்லை, பிள்ளையை டொக்டரிடம் காட்டு — நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.