தர்பூசணியில் வான்கூவர்

தொண்ணூறுகளின் கடைசியில் அக்காவுக்குக் கனடாவில் நர்ஸ் வேலை கிடைத்தது. அந்த வாரமே எங்கள் வீட்டுக்குள் கடல் புகுந்துவிட்டது. லண்டனில் விமானம் மாறி வான்கூவர் போக வேண்டுமாம். என் பள்ளிக்கூட உலகப்படத்தில் இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தவள் நான்தான். கோடு பாதி நீலத்தில் கிடந்தது. "இம்புட்டுக் கடலுக்கு மேல எம்மகளை அனுப்ப மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். வேளாங்கண்ணிக்குப் போனால் இடுப்பளவு அலையில் நின்று எங்களை முக்கியெடுக்கிற அதே அம்மா! அப்பா பேசியும் நடக்கவில்லை. அக்கா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மெட்ராஸ் விமான நிலையத்தில் வேலை பார்த்த மாமா, விமானிகள் கழித்துப்போட்ட வரைபடம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அப்படியொரு படத்தை நான் கண்டதே இல்லை! நடுவில் வடதுருவம், சுற்றிலும் நாடுகள். அதில் மாமா போட்ட கோடு கிரீன்லாந்துப் பனியின் மேல் நேராகப் போனது. கடல் துண்டு துண்டாகத்தான் வந்தது. அதே வழியை என் படத்தில் குறித்தால் கோடு வில்லாக வளைந்து மேலே ஏறியது.

அம்மா பிடித்துக்கொண்டாள். "ஆளேத்த சேவுகம்பட்டிக்குள்ள நுழைஞ்சு போற வத்தலக்குண்டு பஸ்ஸா இது? நேரா போனா என்ன?"

"உருண்டையத் தட்டையா விரிச்சா அப்பிடித்தான்க்கா தெரியும்" என்றார் மாமா. அம்மா அசையவில்லை.

எனக்குக் கை பரபரத்தது. அடுப்படியில் இருந்த தர்பூசணியை உருட்டி வந்தேன். காம்புதான் வடதுருவம். அதற்குக் கொஞ்சம் கீழே அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன், அது லண்டன். அதே உயரத்தில் சுற்றிப்போய் இன்னொன்று, வான்கூவர். பூக்கட்டும் நூலை இரண்டுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன். நூல் தானாக வழுக்கிக் காம்புப் பக்கம் ஏறி நின்றது! அம்மாவே அதைக் கீழே இறக்கிப் பார்த்தாள். நூல் எட்டவில்லை.

"இதாம்மா குறுக்கு வழி!" என்று கத்தினேன். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். அக்கா எழுந்து ஓடிவந்தாள்.

அம்மா மட்டும் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதவிடக் கிட்டக்க வழியே இல்லையாடி?"

"இல்லவே இல்லம்மா!" என்றேன், முதல் மார்க் வாங்கிய குரலில்.

"சரி, போகட்டும்" என்றவள் நூலை விரலில் சுற்றிக்கொண்டே அரிவாள்மணையை எடுத்தாள். பெரிய துண்டு எனக்குத்தான். கடலையே ஜெயித்துவிட்ட பெருமையில் சாறு ஒழுக ஒழுகத் தின்றேன். அம்மா கடலுக்கு என்றைக்குமே பயந்ததில்லை என்பதும், மகளைப் பிடித்து நிறுத்த அவளிடம் இருந்தது அந்த ஒரு கடல்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.