ஒரே இடத்தில் எத்தனை நாள்?

ஒன்றரை மாதத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் என் கணவரை எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார்கள். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புருஷனைப் பாராட்டினால் எந்த மனைவிக்காவது கோபம் வருமா? எனக்கு வந்தது. காரணம் வேறு எதுவுமில்லை. நானே என் கையால் செய்து வைத்த வேலை.

கப்பல் டிக்கெட், மீன் விலை, போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் எங்கள் கூரைக்கு மேலே விமானம் இறங்கும்போது பாதியில் நிற்கிற போன் பேச்சு... இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் புலம்பியிருக்கிறேன். ஆபீஸை மட்டும் தொட்டதில்லை. இந்த வாரம் தொடுகிறேன். எங்கள் ஆபீஸில் தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்கள் யாரும் இல்லை என்கிற தைரியம்தான்.

எனக்கு டெலானிபூரில் சுகாதாரத் துறை ஆபீஸில் வேலை. தீவு தீவாக இருக்கிற மருந்தகங்களில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ரிப்போர்ட் போர்ட்டல் ஒன்று எங்களிடம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது, கேட்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பது, புதுப் பக்கங்கள் சேர்ப்பது – மூன்றுக்கும் ஆள் நான்தான். என் கணவர் பார்மசிஸ்ட். கப்பலில் போக வேண்டிய கட்சால் தீவில் இருக்கிறார். இரண்டு வருஷம் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது வருஷமும் முடியப் போகிறது.

'நீயும் அங்கேயே போயிட வேண்டியதுதானே?' என்று கேட்காத ஆள் இல்லை. போகலாம், சர்வரைத் தலையில் தூக்கிக்கொண்டு! மகன் மெயின்லேண்டில் ஹாஸ்டலில் இருக்கிறான். ஆக, வீட்டில் நான், ஒரு டிவி, எத்தனை முறை குறைத்துப் போட்டாலும் தினமும் மிஞ்சுகிற சாதம்.

அந்தப் போர்ட்டலைச் செய்து கொடுத்தது மெயின்லேண்டில் ஒரு கம்பெனி. ஒவ்வொரு மருந்தகத்துக்கும் ஒரு வரி. மாலை நாலு மணிக்குள் அன்றைய இருப்பு விவரம் வந்துவிட்டால் வரி பச்சை. வராவிட்டால் சிவப்பு. ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தால் இது சரிதான். நம் தீவில் மழை வந்தால் நெட் போகும். கரன்ட் போனால் டவர் போகும். சில நாள் காரணமே இல்லாமல் எல்லாம் போகும். கட்சால் வரி வாரத்தில் பாதி நாள் சிவப்பாக நிற்கும்.

மீட்டிங்கில் டைரக்டர் சார் பெரிய திரையில் அதைப் பார்த்துவிட்டு, கட்சால்காரர் தூங்குகிறாரா என்று ஹிந்தியில் கேட்பார். லேப்டாப்பை ஓட்டிக்கொண்டிருப்பவள் அந்தத் தூங்குமூஞ்சியின் மனைவி என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்பார்.

வயிறு எரியாதா? எரிந்தது. உட்கார்ந்து போர்ட்டலை மாற்றினேன். நெட் இல்லாத தீவிலிருந்து போனிலோ போலீஸ் வயர்லெஸ்ஸிலோ விவரத்தைச் சொன்னால், நான் இங்கிருந்தே பதிவு செய்ய ஒரு தனிப் பக்கம் சேர்த்தேன். கலர் விதியையும் மாற்றினேன். ரிப்போர்ட் தாமதமானாலும் மருந்து போதுமான அளவு இருந்தால் பச்சை. எல்லாத் தீவுக்கும் ஒரே விதி, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் செய்தது ஒரே ஒரு ஆளுக்காக.

அதில் எனக்கு ஒரு சொந்த லாபமும் உண்டு. போன் கிடைக்காத நாட்களில் அவர் நன்றாக இருக்கிறார் என்று எனக்குச் சொல்வது அந்த வரி ஒன்றுதான். பாராசிட்டமால் இத்தனை, ஓஆர்எஸ் இத்தனை என்று இருக்கும். பக்கத்தில் பதிந்த நேரம் இருக்கும். மூன்று ஐம்பது என்றால், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்திருக்கிறார். பதினோரு மணி என்றால் கூட்டமில்லை. இருமல் மருந்து மளமளவென்று குறைந்தால் ஊரெல்லாம் சளி, இவருக்கும் பிடித்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவர் எழுதிய கடிதங்களைக்கூட நான் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

இந்த நிலையில்தான் போர்ட் பிளேரில் ஒரு பார்மசிஸ்ட் இடம் காலியானது. ஒரே ஒரு இடம். அவருக்கும் சேதி போய்விட்டது. ஓட்டை பக்கெட்டை மாற்றாமல் வைத்திருக்கிறேன், எப்படியும் வரப் போகிறேனே என்று போனில் சொன்னார். எனக்கும் அதே பைத்தியம்தான். அலமாரியிலிருந்த அவர் தட்டைத் துணியால் துடைத்துச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. யாரை மாற்றுவது என்று பேச்சு. டைரக்டர் சார் திரையைப் பார்த்தார். கட்சால் வரி, மாதக்கணக்கில் ஒரே பச்சை!

"கட்சால் மே கோயி பிராப்ளம் நஹி ஹை" என்றார். கட்சாலில் ஒரு பிரச்னையும் இல்லையாம். இவ்வளவு நன்றாக ஓடுகிற இடத்தில் ஏன் கை வைக்க வேண்டும், இந்த மாதிரி ஆள் அங்கேதான் தேவை என்று பேசிக்கொண்டே போனார். என் பக்கம் திரும்பி, கணவருக்குத் தன் பாராட்டைச் சொல்லச் சொன்னார். நாலு பேர் கை தட்டினார்கள். முடிவு அடுத்த மீட்டிங்கில் என்று எழுந்து போய்விட்டார்கள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே... வைத்துக்கொண்டேன். அவருக்குத் திட்டு விழாமல் இருக்கத்தான் அந்த வரியைப் பச்சையாக்கினேன். அது அவரை அங்கேயே கட்டிப் போட்டுவிட்டது.

நம் ஊர்களில் இது புதிதா என்ன? நன்றாக வேலை செய்கிறவருக்குக் கிடைக்கிற பரிசு, அதே வேலை இன்னும் கொஞ்சம். அழுகிற பிள்ளைக்குத்தான் பால். நான் அழுகையை நிறுத்திவிட்டுப் பாலுக்குக் காத்திருந்தேன்.

விடுவேனா? மறுநாளே டைரக்டர் சாரிடம் போய், ஊழியர் விவரமும் போர்ட்டலில் இருந்தால் மாற்றல் நேரத்தில் வசதியாக இருக்குமே என்றேன். நல்ல ஐடியா, செய்யுங்கள் என்றார். புதுப் பக்கம் ஒன்று தயாரானது. பெயர், ஊர், பதவி, கடைசியில் ஒரு தலைப்பு: 'ஒரே இடத்தில் எத்தனை நாள்?' அதிக நாள் இருப்பவர் உச்சியில் வருகிற மாதிரி வைத்தேன். ஊழியர் ஃபைல்களை வைத்திருக்கிற எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் சேர்ந்த தேதி, லீவு தேதி எல்லாம் வாங்கி ஏற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

என் வீட்டுக்காரர் இரண்டாவது.

முதலில் இருந்தது கமோர்ட்டா தீவு, மிதாலி. அவளும் பார்மசிஸ்ட்தான். இவரைவிட ஏழு மாதம் கூடுதல்.

மிதாலியை நான் பார்த்ததில்லை. குரல் தெரியும். பெங்காலிப் பெண். கமோர்ட்டாவில் நெட் போகிற நாளெல்லாம் போன் செய்து, நான் சேர்த்த அந்தத் தனிப் பக்கத்துக்கு விவரம் சொல்வாள். அவளுடைய சின்ன மகள் இங்கே ஸ்கூல் லைன் என்கிற பகுதியில் அத்தை வீட்டில் இருந்து படிக்கிறாள். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மிதாலியின் வரியில் ஒரு நீண்ட லீவு கண்ணில் பட்டது. நடுவில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் நாலு மாதம் இங்கே வந்து இருந்திருக்கிறாள். நாட்களை எண்ணுவதற்குப் போர்ட்டலில் நான் இரண்டு வழி வைத்திருந்தேன். மொத்தமாக எண்ணலாம். அல்லது, நீண்ட லீவு முடிந்து திரும்பிய நாளிலிருந்து புதிதாக எண்ணலாம். இரண்டாவது வழிக்கு ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டால் போதும்.

போட்டேன்.

கட்சால் உச்சிக்கு வந்தது. மிதாலி கீழே போய்விட்டாள். டேட்டா பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான், சொல்லாது. எண்ணுகிறவள் எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறாள் என்பதை அதனிடம் யாரும் கேட்பதுமில்லை. கேட்டாலும் எனக்குப் பதில் இருந்தது. 'தொடர்ச்சியான சேவை, சார்.' கேட்கவே எவ்வளவு நியாயமாக இருக்கிறது! சேவ் செய்துவிட்டு கேன்டீனுக்குப் போய் இரண்டு சமோசா சாப்பிட்டேன். ஒளிப்பானேன், சந்தோஷமாகத்தான் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு போன். மிதாலி. நெட் இல்லை என்று விவரத்தை வரிசையாகச் சொன்னாள். நான் பதிந்தேன். முடிந்ததும், எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"தீதி, போர்ட் பிளேர் மே பாரிஷ் ஹை க்யா?"

அங்கே மழை பெய்கிறதா, அக்கா? மாதக்கணக்காகக் கேட்கிறாள். கப்பல் வருமா வராதா என்று பார்ப்பதற்காகக் கேட்கிறாள் போல என்று நினைத்து நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் ஏன் கேட்கிறாய் என்று கேட்டேன். மூன்றரைக்கு ஸ்கூல் விடும், மகள் குடையை எங்கேயாவது மறந்து வைத்துவிடுவாள், அதற்குத்தான் என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே நல்ல மழை. பெய்கிறது என்றேன். அத்தை கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டாள்.

நான் மருந்து எண்ணிக்கையில் ஒரு மனிதரைத் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஒருத்தி என் ஜன்னல் வழியாக மகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை.

பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். டிக்கை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். அவர் முகம் ஞாபகம் வந்தது, மறுபடி வைத்தேன். கடைசியில் எடுத்துவிட்டு, கை திரும்பப் போவதற்குள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை டைரக்டர் சார் முதல் வரியைப் பார்த்தார். இத்தனை நாளா ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம் என்று அவரே அதிர்ந்து போனார். மிதாலிக்கு ஆர்டர். இரண்டாவது வரியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த காலியிடத்தில் கட்டாயம் பார்க்கலாம் மேடம் என்றார். அடுத்த காலியிடம் எப்போது? அதற்கு எந்தப் போர்ட்டலிலும் பக்கம் இல்லை.

அன்று மாலை போன் கிடைத்தது. நடந்ததை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன், டிக் வைத்ததையும் சமோசாவையும் சேர்த்து. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ என்றேன்.

"இருக்கேன்" என்றார். "என்கிட்ட கேட்டிருந்தா, டிக்கை அப்படியே விட்டுடுன்னுதான் சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சுதானே நீ கேக்கல?"

"ஆமாங்க" என்றேன்.

"சரி விடு. பக்கெட் வாங்கிக்கறேன்" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் மழையைப் பற்றியே பேசினோம்.

போன வாரம் மிதாலி வந்த கப்பலைப் பார்க்க ஹேடோ துறைமுகத்துக்குப் போயிருந்தேன். வேறென்ன, கட்சாலில் கப்பல் நின்றபோது அவர் அவளிடம் ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தார். இறங்கி வந்தவர்களில் அவளைக் கண்டுபிடிக்க நான் சிரமப்படவில்லை. அத்தை கையிலிருந்து ஒரு குட்டிப் பெண் பிய்த்துக்கொண்டு ஓடியது. போய்த் துப்பட்டாவைப் பிடித்தது. பிடித்த பிடியை விடவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. எது கூடுதல் என்று கேட்காதீர்கள்.

மிதாலி என் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ மழைநாளில் பதில் சொன்னதற்கு நன்றி என்றாள். அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை. பையைக் கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, பையா, அதாவது அண்ணன், ரொம்ப இளைத்துவிட்டார் தீதி என்றாள்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். நாலு சட்டை. மேலே ஒரு சீட்டு – எல்லாம் லூஸாகிவிட்டது, டெய்லரிடம் கொடுத்துப் பிடித்து அடுத்த கப்பலில் அனுப்பு. ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். சோப்பு வாசனை மட்டும். துவைத்து, உலர்த்தி, கசங்காமல் மடித்து அனுப்பியிருக்கிறார்.

ரொம்பப் பொறுப்பான மனிதர்... இந்த ஒரு தடவை துவைக்காமல் அனுப்பியிருக்கலாம்.