கல்யாண எழுத்து

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நான் அரியலூரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஏலாக்குறிச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர், இறந்துபோன மனைவிக்கு நினைவு அட்டை அடிக்க வந்தார். நெடிய, ஒல்லியான மனிதர். எந்தக் காகிதத்தைத் தொடுவதற்கு முன்னும் துண்டில் விரல்களைத் துடைத்துக்கொள்வார்.

எழுத்து வகைகளைக் காட்டும் மாதிரித் தாளில் இருந்த ஓர் இங்கிலீஷ் எழுத்து வகையை வெகுநேரம் பார்த்தார். நின்ற கோடுகள் தடித்து, குறுக்குக் கோடுகள் தலைமுடிபோல் மெலிந்து, முனைகளில் சின்னப் பாதம் வைத்த அழகான எழுத்து அது.

"அவ பேரை இதுல போடுங்க."

"அது கல்யாணப் பத்திரிகைக்குப் போடுற எழுத்துங்க," என்றார் முதலாளி. "துக்கத்துக்குப் போட்டா ஊர்ல சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டுங்க. எங்க கல்யாணத்துக்குப் பத்திரிகையே அடிக்கலீங்க."

முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கோத்துக் கொடுத்தேன். ஆனால் யுத்தத் தட்டுப்பாட்டில் அப்போது கிடைத்த சொரசொரப்பான காகிதத்தில் மெல்லிய கோடுகள் சரியாக விழவில்லை. கல்யாணங்களுக்கென்று பத்திரமாக வைத்திருந்த வழவழப்பான அட்டையை முதலாளியே எடுத்து வந்தார். அதில் பெயர் முழுசாக விழுந்தது.

விவசாயிக்கு இங்கிலீஷ் தெரியாது. "படிங்க சார்," என்றார். படித்தேன்.

"இன்னொரு தரம் படிங்க."

படித்தேன்.

"நான் அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லீங்க," என்றார். பிறகு, அட்டையைப் பார்த்தபடி அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னார். பதில் வரும் என்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். அச்சை நிறுத்திவிட்டு நாங்களும் நின்றோம்.